களத்தில் திரும்பும் மினி பஸ்ஸும் நாற்பத்திரண்டு கையெழுத்தும்

செம்பியநத்தம்,
குடவாசல் வழி,
5-6-1998

அன்புள்ள மைத்துனன் இராஜாங்கத்துக்கு, அத்தான் சாமிதுரை எழுதுவது.

இங்கே நானும் உன் அக்கா கமலாம்பாளும் இரண்டு பசுக்களும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் சௌக்கியம் இல்லை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முழங்காலுக்கு வந்து சேர நாலு பக்கம் ஆகும், பொறுமையாகப் படி. அங்கே நீயும் பிள்ளைகளும், ஆபீசில் உன் மேஜை மேல் அடுக்கி வைத்திருக்கிற மனுக்களும் நலமாக இருக்க அம்மன் அருள் புரியட்டும். மனு என்றதும் உனக்குக் கண் சுருங்கியிருக்கும். ஆமாம், இத்துடன் ஒரு மனு வைத்திருக்கிறேன். நம் தெருக்காரர்கள் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டது. நம் ஊர் மினி பஸ் காலனிக் களத்திலிருந்து புறப்படுகிறது, அதை மாற்றி நம் தெருவிலிருந்து புறப்பட வைக்க வேண்டும் என்பது கோரிக்கை. பஸ் நிறுத்தங்களைப் பற்றி இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி விசாரணையாம். மனு உன் செக்‌ஷன் வழியாகத்தான் மேலே போக வேண்டும் என்று கேள்விப்பட்டதும், உன் அக்காவைக் கட்டிய இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் உன் உத்தியோகத்தால் எனக்கு முதன்முதலாக ஒரு பிரயோசனம் வரப்போகிறது என்று மகிழ்ந்தேன். என் பென்ஷன் மனு ஏழு வருஷமாக உன் ஆபீசில் ‘பரிசீலனையில்’ இருப்பதை நான் சொல்லிக்காட்டவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பஸ்ஸையே பார்க்காத ஊர்களுக்கெல்லாம் மினி பஸ் விடுவதென்று அரசாங்கம் முடிவு செய்ததில், பங்குனி மாதக் கடைசியில் ஓர் அதிகாரி நம் ஊருக்கு டேப்போடு வந்து இறங்கினார். வண்டி திரும்ப நாற்பது அடி வேண்டும் என்றார். ரெக்கார்டுப்படி நம் தெரு நாற்பத்தைந்து அடி. அளந்தால் இருபத்தொன்று. மிச்சம் எங்கே என்று கேட்டார். மிச்சம் எங்கேயும் போய்விடவில்லை, என் வைக்கோல் போருக்கு அடியில் கொஞ்சம், எதிர்வீட்டு மருதையன் மாட்டுக் கொட்டகைக்கு அடியில் கொஞ்சம், அடுத்த வீட்டு சிமெண்டுத் தொட்டிக்கு அடியில் கொஞ்சம் என்று பத்திரமாகத்தான் இருந்தது. ஆளுக்குப் பத்தடி பின்வாங்கினால் பஸ் திரும்பிவிடும் என்றார் அதிகாரி. தாராளமாக, எல்லாரும் எடுக்கட்டும், அப்புறம் நான் எடுக்கிறேன் என்றேன். மருதையனும் அதையே சொன்னார். கடைசி வீடு வரைக்கும் அதே பதில்தான். நம் தெரு இவ்வளவு ஒற்றுமையாகப் பேசி நான் பார்த்ததில்லை, ஆனால் ஒரு கட்டு வைக்கோல்கூட நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் அலுத்துப்போய் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் காலனிப் பக்கம் வண்டியை விட்டார். அங்கே நெல் காயப் போடுகிற களம், அறுபதடிக்கு எண்பதடி, நடுவில் ஒரு துரும்பு இல்லை. ஒரே வளைவில் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கி வெற்றிலை போட்டார். அதிகாரி அங்கேயே கடைசி நிறுத்தம் என்று எழுதிவிட்டார்.

அந்தக் களம் எப்படிக் காலனிக்குப் போனது என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது காலேஜில் இருந்தாய். எழுபத்திரண்டில் மனைப்பட்டா கேட்டு அவர்கள் ரோட்டோரப் புறம்போக்கில் செங்கொடி நட்டு உட்கார்ந்துவிட்டார்கள், மூன்று நாள் போலீஸ் வேன் நின்றது. அப்போது நான்தான் இந்த ஊர்க் கர்ணம். ரோட்டோர நிலம் நம் தெருவுக்கு வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆகவே நான் மூளையைக் கசக்கி ஓர் அறிக்கை எழுதினேன். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு மேடு உள்ளது, களர், ஊருக்குக் கடைக்கோடி, காக்கைகூட உட்காராது, இன்னும் நூறு வருஷம் ஆனாலும் எவருக்கும் எந்தப் பயனும் இல்லை, ஆதலால் காலனி மக்களுக்கு வழங்க மிகவும் உகந்தது. இப்படி எழுதி முத்திரை குத்தினேன். தாசில்தார் என் தமிழை மெச்சினார். ரோட்டோர நிலத்தை நாம் வைத்துக்கொண்டோம், அதன் மேல்தான் இப்போது என் வைக்கோல் போர் நிற்கிறது. அவர்கள் அந்த மேட்டைக் கொத்திச் சமன் செய்து, சாணி மெழுகிக் களமாக்கினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் கையெழுத்தால் கெட்டேன்.

சரி, அதோடு விட்டார்களா? பஸ் துவக்க விழாவுக்கு எனக்கு அழைப்பு வந்தது. ஊராட்சித் தலைவராக இருக்கிற காலனிப் பெண் அம்சம் வீட்டுக்கே வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது. போன தேர்தலில் நம் ஊராட்சியை ஒதுக்கீட்டில் விட்டதும் ஜெயித்து வந்த அதே அம்சம்தான். செங்கொடி நட்ட அன்று பாவாடை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளை. விழாவில் மைக்கைப் பிடித்து, “இவ்வளவு அகலமான எடத்தை எங்களுக்குத் தரச்சொல்லி இருபத்தாறு வருசத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தவங்க நம்ம சாமிதுரை ஐயா. அவங்க தொலைநோக்குக்கு ஊராட்சி சார்பா நன்றி” என்று சொல்லி, சரிகைக்கரை போட்ட ஒரு துண்டை என் தோளில் போர்த்தியது. களம் முழுக்கக் கைதட்டல். அந்த முகத்தில் சிரிப்பு ஒரு சொட்டு இல்லை, ஆனால் அது அந்த அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

இனி முழங்கால். குடவாசலில் ஒரு நாட்டு வைத்தியர் எண்ணெய்க்கட்டுப் போடுகிறார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கண்டிப்பு. பஸ் விட்ட மறுநாளே ஆரம்பித்தேன். காலை எட்டு மணிக்கு நம் தெரு நிறுத்தத்தில் பதினான்கு பேர் நின்றோம். கோயிலில் விபூதி வாங்குகிற அதே வரிசை. டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட் எனக்கு என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். பஸ் வந்தது. இருபத்தைந்து சீட்டிலும் இருபத்தைந்து பேர், அத்தனை பேரும் காலனி. யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் நாங்கள் பதினான்கு பேரும் ஒரு நிமிஷம் படிக்கட்டிலேயே நின்று காத்திருந்தோம். கண்டக்டர் மூஸா, நாற்பது வயசு ஆள், ஊர் நிலவரம் தெரியாதவர், உள்ளே போங்க உள்ளே போங்க என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். ஒன்பது கிலோமீட்டர் ஒற்றைக்காலில் நின்று போனேன். வைத்தியர் கட்டுவதைத் திரும்பி வரும்போது பஸ் அவிழ்த்துவிட்டது. இப்படியே நாலு நாள்.

ஐந்தாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. களத்துக்கே போய் ஏறினால் சீட் கிடைக்குமே. ஆனால் பஸ் ஏறக் காலனிக்குப் போனேன் என்று தெருவில் யாரும் சொல்லக்கூடாது. ஆகவே தோளில் ஒரு மண்வெட்டியைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டு ஏழு மணிக்கே கிளம்பினேன். பாலத்தருகில் மதகண்டை மருதையன் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பேர், மூன்று மண்வெட்டி. அது சித்திரைக் கடைசி, மேட்டூர் திறக்க ஒரு மாதம் கிடக்கிறது, வாய்க்காலில் வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் அந்த வெள்ளாட்டை ரொம்ப நேரம் கவனித்தோம். தண்ணீர் எப்போ வரும் என்று ஒருவர் கேட்டார், எட்டு மணிக்கு என்றேன் நான். அதற்குப் பிறகு மண்வெட்டிகளை மதகுக்குள் சாய்த்து வைத்துவிட்டு ஐந்து பேரும் களத்துக்கே போனோம். இன்று வரை அந்த மண்வெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன.

களத்தில் பஸ் கிளம்ப அரைமணி இருக்கும். பூவரச மரத்தடியில் பொன்னுத்தாய் என்கிற பெண் டீக்கடை போட்டிருக்கிறது. அதன் பெஞ்சில் உட்காராமல் அரைமணி நிற்க என் முழங்காலுக்குத் தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டு டீ குடிக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீ. நம் தெருவில் சமத்துவம் இதற்கு முன் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்குக் கோயிலில் அரசாங்கம் சமபந்தி விருந்து நடத்துகிறதே, அதற்கு நம் தெரு சார்பாக மருதையனை அனுப்புவோம். பதினொரு வருஷமாகப் போட்டோவில் அதிகாரிக்கு வலது பக்கம் அவர்தான். எங்கள் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவர் ஒருவரே சமமாக உட்கார்ந்து சாப்பிட்டு, பாயசத்தைத் தூக்குவாளியில் வீட்டுக்கு வாங்கி வந்துவிடுவார். அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த திட்டம். இந்த பஸ் வந்த மூன்றே வாரத்தில் பாதித் தெரு காலையில் பொன்னுத்தாய் பெஞ்சில் கிடக்கிறது, யாரும் போட்டோ எடுக்கவில்லை, யார் கணக்கிலும் வரவில்லை.

அப்புறம் துண்டு விவகாரம். களத்துக்குப் போனதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பதுதான் வழக்கம், துண்டு கிடக்கிற இடத்தில் கலெக்டரே வந்தாலும் உட்காரக்கூடாது என்பது மூஸாவின் சட்டம். ஒரு நாள் டிரைவருக்குப் பின்சீட்டில் என் சரிகைக்கரைத் துண்டைப் போட்டேன். உள்ளே ஏறிப் பார்த்தால் அதற்கு அடியில் இன்னொரு துண்டு, சிவப்புக்கரை, சாயம் போனது. அது வீரையன் துண்டு. வீரையனை உனக்கு நினைவிருக்கும், எங்கள் பண்ணையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன், இப்போது குடவாசலில் அரவை மில்லுக்குப் போகிறான். மூஸா இரண்டு துண்டையும் தூக்கிப் பார்த்து, அடியில் இருப்பது முதலில் வந்தது, மேலே இருப்பது பிறகு வந்தது என்று தீர்ப்புச் சொன்னார். வீரையன் உட்கார்ந்தான், நான் நின்றேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். இராஜாங்கம், அந்தக் காலத்தில் நான் எதிரே வந்தால் அவன் தோளில் கிடக்கிற துண்டு இறங்கிக் கக்கத்துக்குப் போய்விடும். நான் இறக்கச் சொன்னதில்லை, என் அப்பா சொன்னதில்லை, யாருமே சொன்னதில்லை என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்வோம். சொல்லாமலா இறங்கியிருக்கும்? அன்று அதே துண்டு சீட்டில் கிடந்தது, அதனால் நான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன். எனக்கு வந்த கோபம் வைத்தியர் எண்ணெய்க்கட்டுப் போட்டும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு இந்த மனுவை எழுதினேன்.

எழுதுவது சுலபம், கையெழுத்து வாங்குவது அப்படியில்லை. இரண்டாவதாகக் கையெழுத்துப் போட நம் தெருவில் ஆள் கிடையாது. யார் பெயர் முதலில் என்பதிலேயே பத்து நாள் போனது. கடைசியில் தாளில் ஒரு வட்டம் போட்டுச் சுற்றி எழுதச் சொன்னேன், அதனால்தான் மனு பார்க்க ஜாதகக் கட்டம்போல இருக்கிறது, பயப்படாதே. அதற்குள் நின்று நின்று என் முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. சீக்கிரம் நடக்க முடியவில்லை. ஒரு நாள் நான் களத்துக்குப் போகும்போது பஸ் உறுமிக்கொண்டிருந்தது, இன்றைக்கும் நின்றால் நாளைக்கு வர முடியாது, மண்டலம் முறிந்தது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். டிரைவருக்குப் பின்சீட்டில் சிவப்புக்கரைத் துண்டு கிடக்கிறது, ஆளைக் காணோம். வீரையன் பின்னால் வேறு சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் புரியவில்லை. அவன் அங்கிருந்தே, “அது உங்களுக்குத்தாங்க, உக்காருங்க” என்றான். அன்று முதல் தினமும் எனக்கு அந்தத் துண்டு கிடக்கிறது. நான் உட்கார்ந்து போகிறேன், வருகிறேன், வீக்கம் வடிந்துவிட்டது. இது என்ன அநியாயம் என்று நீயே சொல். ஒரு பக்கம் அவன் பிடித்துக் கொடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு, மடியில் அவன் நிறுத்தத்தை மாற்றச் சொல்லும் மனுவை வைத்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவரிடம் கையெழுத்து வாங்குகிறேன். நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

விஷயம் காலனிக்குத் தெரியாமல் இருக்குமா? நேற்றுத் தெரிந்துவிட்டது. வீரையன் மகள் செவ்வந்தி கும்பகோணத்தில் நர்சு படிக்கிறது. போன வருஷம் தொடங்கி விடியுமுன்னே நம் தெரு வழியாக மெயின் ரோட்டுக்கு மூன்று மைல் நடந்தது, போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று பேச்சுக் கேட்டது, படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சொல்லி இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டது. இந்த பஸ் வந்தபிறகுதான் மறுபடி போகிறது. களத்தில் ஏறி உட்கார்ந்தால் ஜன்னலோரம் புத்தகத்தை விரித்துக்கொள்கிறது, நம் தெரு எப்போது வந்தது எப்போது போனது என்றுகூடப் பார்ப்பதில்லை. வீரையன் என்னிடம் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். துண்டை எடுத்து மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான். “நிறுத்தத்தை மாத்துனா நாங்க பழையபடி நடந்து வந்துருவோங்க, அது எங்களுக்குப் பழக்கந்தான். எம்மவதான் மறுபடி நடக்கமாட்டேன்னுது. அது கெடக்கட்டும், உங்களுக்கு அங்க யாருங்க துண்டு போடுவா?”

குடவாசல் போய்ச் சேரும் வரை யோசித்தேன். வைத்தியர் கட்டுப்போடும்போது யோசித்தேன். நம் தெருவில் நாற்பத்திரண்டு வீட்டையும் வரிசையாக மனதில் கொண்டுவந்து பார்த்தேன். மருதையன் போடமாட்டார், அவருக்கே சீட் வேண்டும். மற்றவர்களை உனக்கே தெரியும். இருந்தாலும் நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கியது வாங்கியதுதான், ஊரோடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே நீ இந்த மனுவைத் தாமதமில்லாமல் மேலதிகாரியிடம் வைத்து, பத்தொன்பதாம் தேதிக்குள் சாதகமான உத்தரவு வாங்கித் தரவேண்டியது. ஒரு சின்னச் சிக்கல், நம் தெருவில் பஸ் திரும்ப வேண்டுமானால் முதலில் வைக்கோல் போரை எடுக்கவேண்டும் என்பார்கள். எல்லாரும் எடுத்ததும் எடுக்கிறோம் என்று மனுவிலேயே எழுதியிருக்கிறோம், அதைக் கொஞ்சம் வேகமாக வாசித்துவிட்டால் நல்லது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். தேர்வில் நல்ல மார்க் எடுக்கட்டும், நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும், உனக்குச் சீக்கிரம் பிரமோஷன் வரட்டும். புது அரிசி அரைத்ததும் அரை மூட்டை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சாமிதுரை (முன்னாள் கர்ணம்)

பின்குறிப்பு: கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு, குடவாசலில் தபாலில் போடலாம் என்று இன்று காலை களத்துக்குப் போனேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன், பசை போனால் போகட்டும். வேகமாக நடக்க வருகிறது என்பதால் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். டிரைவருக்குப் பின்சீட்டில் துண்டு இல்லை. செவ்வந்திக்குப் பரீட்சை, அதற்கு வேண்டியதை எடுத்துவைத்ததில் வீட்டில் நேரமாகிவிட்டது என்று பொன்னுத்தாய் சொன்னது. பஸ் நிரம்பத் தொடங்கியது. என் தோள் துண்டை எனக்குப் போட்டேன். அம்சம் போர்த்திய சரிகைக்கரைத் துண்டை எடுத்து, உதறி, பக்கத்து சீட்டில் விரித்தேன். அதற்குப் பக்கத்தில் ஜன்னலோரம் என் குடையை வைத்தேன், அது பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு. மருதையன் வந்து துண்டைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தார். “வீரையன் வர்றாரு, நீங்க வேற எடம் பாருங்க” என்றேன். என் வாயில்தான் வந்தது, எனக்கே காதில் விழுந்தது. மருதையன் குடவாசல் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார். வீரையன் வந்து உட்கார்ந்து, துண்டை மடித்து என்னிடம் கொடுத்தார். நான் என் தோளில் போட்டுக்கொண்டேன். அவருடையது அவர் தோளில் கிடந்தது. குடவாசல் வரை இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

இறங்கும்போது மருதையன், மனு என்ன ஆயிற்று என்று கேட்டார். அனுப்பியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, ஆகவே இதோ அனுப்பியும்விட்டேன். இனி உன் பாடு. மேலே நான் வேண்டிக் கேட்டுக்கொண்டது எதையும் செய்யாதே. யார் விசாரித்தாலும் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல். மனுவை என் பென்ஷன் மனுவுக்குக் கீழே வை. அதைவிடப் பத்திரமான இடம் நம் ஜில்லாவில் இல்லை.